க்ஷேத்திர கணிதமும் தலையெழுத்தும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிலெல்லாம் எதன்மேல் நிற்கிறது என்று வாசகர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் செய்யத் தொடங்கிற்று. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. அங்கே ஒரு கதவானாலும் சரி, சக்கரமானாலும் சரி, முதலில் கம்ப்யூட்டர் திரையில் கோடும் கோணமும் வட்டமுமாக வரையப்பட்ட பிறகே உருவாகிறது. இதுதான் வடிவியல், முன்னாளில் க்ஷேத்திர கணிதம் என்பார்கள்.

ஆனால் ஆலைக்கு நிலம் போன கிராமத்துப் பிள்ளைக்கு அக்கணக்கு பெரும்பாலும் எப்படிக் கிடைக்கிறது? கரும்பலகையில் ஒரு படம், நோட்டில் ஒரு நிரூபணம், பரீட்சைக்கு உருப்போடுதல், அவ்வளவுதான். பொருள் தெரியாமல் மந்திரம் முணுமுணுப்பதற்கும் இதற்கும் என்ன பேதம்? உருப்போட வராத பிள்ளைக்கு "கணக்கு இவன் தலையில் எழுதவில்லை" என்ற தீர்ப்பு! பெண்ணாயிருந்தாலோ கேட்க வேண்டியதேயில்லை. இப்படித் தள்ளப்பட்ட பிள்ளை நாளை அவ்வாலைக்குள் படம் வரைகிறவனாகப் போக முடியுமா? காண்ட்ராக்ட் கூலியாகப் போவதுதானே மிச்சம்?

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. ஆஸ்திரியா தேசத்து மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் மென்பொருள் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. 2018 முதல் வந்த நமது சர்க்கார் கணக்குப் புத்தகங்களிலும் அதற்கு இடமிருக்கிறது. அதில் ஒரு பிள்ளை அரைவட்டம் வரைந்து, விட்டத்தின் இரு முனைகளையும் வட்டத்தின் மேலுள்ள ஒரு புள்ளியோடு சேர்க்கட்டும். அப்புள்ளியை வட்டத்தின் மேல் எங்கே இழுத்தாலும் அங்குள்ள கோணம் 90 பாகையாகவே நிற்கும். வாத்தியார் சொன்னார் என்றில்லாமல் தன் கையாலேயே பிள்ளை அதைச் சோதித்துக்கொள்கிறது.

நிற்க, கண்டதோடு நின்றுவிட்டால் அதுவும் ஒருவித மூடநம்பிக்கையே. "ஏன்?" என்று கேட்க வேண்டும். மையத்திலிருந்து அப்புள்ளிக்கு ஒரு கோடு போட்டால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் அடிக்கோணங்கள் இரண்டும் சமம். ஆகவே முழு முக்கோணத்தின் 180 பாகையில் சரிபாதி அப்புள்ளியிலேயே வந்து சேருகிறது. திரை கேள்வியைக் கிளப்பலாம். பதில் சொல்ல வேண்டியது பகுத்தறிவே.

ஆகவே பள்ளிக் கம்ப்யூட்டர் அறைகள் பூட்டிவைக்கவும் அதிகாரிகளுக்குக் காட்டவும் ஏற்பட்டவையல்ல. உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி வேண்டும். மௌஸ் பிள்ளைகள் கைக்கே, அதிலும் பெண்பிள்ளைகள் கைக்கே, வர வேண்டும். பெற்றோர்கள் பள்ளிக்குப் போய் இதைக் கேட்பார்களா?