முடிவெடுத்த பிறகு கருத்துக் கேட்பது எதற்கு?

ஒன்ராறியோவின் ஸ்ரௌவ்வில் நகரசபையில் மொத்தம் ஏழு வாக்குகள். ஆறு வட்டாரங்களுக்கு ஆறு உறுப்பினர்கள், முழு நகருக்கும் ஒரு மேயர். ஏழில் பெரும்பான்மை நான்கு என்பதுதான் நாம் அறிந்த கணக்கு. ஒன்ராறியோ அரசு வழங்கியிருக்கும் ‘பலமிக்க மேயர்’ அதிகாரங்கள் அந்தக் கணக்கை மாற்றிவிட்டன. வீடு கட்டுவது போல மாகாண அரசு முன்னுரிமை என்று அறிவித்த விடயங்களில் மேயர் ஒரு துணைச்சட்டத்தைக் கொண்டுவந்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஆதரவே அதற்குப் போதும். மேயரும் வேறு இருவரும் கையுயர்த்தினால், மற்ற நால்வரும் எதிர்த்தாலும் சட்டம் நிறைவேறிவிடும்.

2022இல் ரொறன்ரோவுக்கும் ஒட்டாவாவுக்கும் என்று தொடங்கிய ஏற்பாடு இது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஸ்ரௌவ்வில் போன்ற சிறிய நகரங்களுக்கும் விரிந்தது. வரவுசெலவுத் திட்டமும் இப்போது மேயரின் கையில். பெப்ரவரி 1ஆம் திகதிக்குள் அவர் அதை முன்வைக்க வேண்டும். திருத்தம் கொண்டுவரச் சபைக்கு 30 நாட்கள். அந்தத் திருத்தங்களை இரத்துச் செய்ய மேயருக்கு 10 நாட்கள். அவர் இரத்துச் செய்ததை மீட்கச் சபைக்கு 15 நாட்கள் உண்டு. ஆனால் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏழில் ஐந்து வாக்குகள் வேண்டும். இவ்வளவு நாட்கணக்கிலும் வரி கட்டும் குடும்பத்துக்கென்று சட்டம் ஒரு நாளையும் ஒதுக்கவில்லை.

இன்று யார் மேயர் என்பது இங்கே கேள்வியல்ல. நல்லவர் கையில் இருக்கும்போது உறுத்தாத அதிகாரம் நாளை எவர் கைக்கும் போகலாம். அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தால், அதைத் தட்டிக்கேட்கும் வழிகளும் அதே அளவுக்கு அகலவேண்டும். மக்களின் கருத்தை முடிவுக்கு முன்னரே கேட்கவேண்டும். பின்னர் கேட்பது வெறும் சடங்கு. இதுவே எமது நிலைப்பாடு.

அந்தச் சடங்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த ஊர் கண்டிருக்கிறது. 2022 நவம்பரில், பாதுகாக்கப்பட்ட பசுமை வலயத்திலிருந்து 15 இடங்களில் சுமார் 7,400 ஏக்கர் நிலத்தை வீடு கட்ட விடுவிக்கப்போவதாக மாகாண அரசு அறிவித்தது. அவற்றில் ஒன்று ஸ்ரௌவ்வில்லில், மக்கோவன் வீதியில் இருக்கிறது. 30 நாட்கள் கருத்துக் கேட்டார்கள். பல்லாயிரம் பேர் எழுதினார்கள். பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றே எழுதினார்கள். பட்டியல் அப்படியே நிறைவேறியது. 2023 ஓகஸ்ற்றில் கணக்காய்வாளர் நாயகம் பொனி லைசிக் அறிக்கை வெளியிட்ட பிறகே உள்ளே நடந்தது வெளியே தெரிந்தது. இடங்களைத் தெரிவுசெய்த முறையில் நியாயமும் இல்லை, வெளிப்படைத்தன்மையும் இல்லை. நில உரிமையாளர்களுக்கு 8.3 பில்லியன் டொலருக்கு மேல் மதிப்புயர்வு கிடைக்கக்கூடும் என்றார் அவர். வீடமைப்பு அமைச்சர் ஸ்ரீவ் கிளார்க் பதவி விலகினார். செப்டெம்பரில் முதல்வர் டக் ஃபோர்ட் மன்னிப்புக் கேட்டு முடிவைத் திரும்பப் பெற்றார். நிலங்களை மீண்டும் பசுமை வலயத்தில் சேர்க்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவர், புதிய அமைச்சராக வந்த மார்க்கம்-ஸ்ரௌவ்வில் தொகுதி உறுப்பினர் போல் கலாண்ட்ராவே.

மக்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் வீடு கட்டுவது தாமதமாகும் என்று சொல்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும். மக்கள் சொன்னதைக் காதில் வாங்காமல் ஓடியதில் ஏறத்தாழ ஓராண்டு வீணானது. மிஞ்சியது அவநம்பிக்கை மட்டுமே.

கண்காணிப்பு அமைப்புகள் இருக்கின்றனவே, அவை போதாதா என்றும் கேட்கலாம். அவை தேவை. ஆனால் அவற்றின் எல்லையையும் ஸ்ரௌவ்வில் அறியும். 2017இல் அப்போதைய மேயர் ஜஸ்டின் அல்ட்மன், தன் அலுவலகக் கழிவறைச் சுவரில் நகரசபை ஊழியர்கள் உள்ளிட்டோரின் படங்களை ஒட்டிக் கோடுகளால் இணைத்து வைத்திருந்த விவகாரம் நாடு முழுவதும் செய்தியானது. நேர்மை ஆணையர் விசாரித்து, அது துன்புறுத்தல் என்று முடிவுசெய்தார். சபை அவருடைய சம்பளத்தை 30 நாட்களுக்கு நிறுத்தியது. ஒரு விசாரணைக்கு அதிகபட்சம் 90 நாள் சம்பளத்தை நிறுத்தலாம். அதற்கு மேல் சபையின் கையில் எதுவும் இல்லை. பதவியில் யார் இருப்பது என்பதை 2018 ஒக்டோபரில் வாக்காளர்களே தீர்மானித்தார்கள். இயன் லொவற் மேயரானார். கடுமையான ஒழுக்க மீறலுக்கு உறுப்பினரைப் பதவி நீக்கும் சட்டமூலம் 2025 மே மாதத்தில் மாகாண சட்டசபைக்கு வந்தது. அதிலும்கூட நீக்குவதற்குச் சக உறுப்பினர்களின் ஏகமனதான வாக்கு வேண்டும். இறுதியில் சுமை மக்களின் தோளுக்கே வருகிறது.

அந்தச் சுமையைத் தாங்கச் சட்டம் சில கருவிகளைத் தந்திருக்கிறது. சபைக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததாக இருக்கவேண்டும் என்கிறது ஒன்ராறியோ நகரசபைச் சட்டம். ஆளணி விவகாரம், காணி வாங்கல் விற்றல், வழக்கு, சட்டத்தரணியின் ஆலோசனை போன்ற சில காரணங்களுக்கே கதவை மூடலாம். மூடுமுன் காரணத்தைப் பகிரங்கத் தீர்மானமாகச் சொல்லவேண்டும். தவறாக மூடினார்கள் என்று தோன்றினால் எவரும் முறையிடலாம். நகரசபையின் ஆவணம் ஒன்று வேண்டுமென்றால் 5 டொலரும் ஒரு விண்ணப்பமும் போதும். 30 நாட்களில் பதில் வரவேண்டும். மறுத்தால் தகவல் மற்றும் தனியுரிமை ஆணையரிடம் மேன்முறையீடு செய்யலாம்.

இன்னொரு கருவியை நம்மவர்கள் அதிகம் தொடுவதில்லை. தேர்தலில் நின்ற ஒவ்வொரு வேட்பாளரும் தமது வரவு செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டும். 100 டொலருக்கு மேல் கொடுத்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். நிறுவனங்கள் நேரடியாகப் பணம் கொடுக்கத் தடை உண்டு; தனிநபர் ஒரு வேட்பாளருக்கு 1,200 டொலர் வரை கொடுக்கலாம். அந்தப் பெயர்களை ஒரு பக்கத்திலும், சபைக்கு வரும் கட்டுமான விண்ணப்பங்களின் பின்னால் இருப்பவர்களின் பெயர்களை மறுபக்கத்திலும் வைத்துப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். பெயர் ஒத்துப்போனால் அதுவே குற்றமாகிவிடாது. ஆனால் சபையில் எழுந்து கேட்க ஒரு நியாயமான கேள்வி கிடைத்துவிடும்.

மார்க்கத்திலிருந்தும் ஸ்காபரோவிலிருந்தும் வடக்கே நகர்ந்து ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. வரிப் பட்டியல் வந்தால் தொகையைப் பார்த்து முணுமுணுத்துவிட்டுக் கட்டிவிடுகிறோம். நகரசபை, யோர்க் பிராந்தியம், கல்வி என்று அதில் மூன்று கூறுகள் இருப்பதையும், எந்தக் கூறு ஏறியது என்பதையும் எத்தனை பேர் பார்க்கிறோம்? உள்ளூராட்சி என்றால் ஒதுங்கி நிற்கும் பழக்கம் நமக்குக் காரணமில்லாமல் வந்ததல்ல. யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்த சரோஜினி யோகேஸ்வரன் 1998 மே மாதத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் அதே ஆண்டு செப்டெம்பரில் குண்டுவெடிப்பில் இறந்தார். நாற்காலிக்கு உயிரை விலையாகக் கேட்ட ஊரிலிருந்து வந்தவர்களிடம் தயக்கம் இருப்பது இயல்பு. ஆனால் இங்கே ஒரு கேள்வி கேட்க 5 டொலர்தான் செலவு. வாக்களிக்கக் கனடியக் குடியுரிமை வேண்டும். கேட்கவும், ஆவணம் கோரவும், சபையில் பேசவும் அது வேண்டியதில்லை. நிரந்தர வதிவிட உரிமையோடு இருப்பவருக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

கூட்டம் வைத்தாலும் யாரும் வருவதில்லை, வருகிறவர்களும் எல்லாவற்றையும் எதிர்க்கிறவர்களே என்று நகரசபைகள் குறைப்படுகின்றன. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஓய்வுபெற்றவருக்கும் பெரிய காணிக்காரருக்கும் நேரம் இருக்கிறது. நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருப்பவருக்கும், இரண்டு வேலைக்குப் போகிறவருக்கும் இல்லை. அதற்காகக் கேட்பதைக் குறைக்கக்கூடாது. கேட்கும் நேரத்தையும் இடத்தையும் மொழியையும் மாற்றவேண்டும். எல்லாம் முடிந்த பிறகு அழைத்தால் எவரும் வரமாட்டார். தன் சொல்லுக்கு ஒரு வரியாவது மாறும் என்று தெரிந்தால் வருவார். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு பகுதியை மக்களே தீர்மானிக்கும்படி விட்டபோது, அங்கே ஏழைக் குடியிருப்புகளின் மக்கள்தான் முன்வந்தார்கள். ரொறன்ரோவின் சமூக வீடமைப்பு நிறுவனமும் 2001 முதல் குடியிருப்பாளர்களை வைத்து இதைச் செய்து பார்த்தது. தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடவேண்டும் என்பது விதி. அங்கேயும் குறைகள் உண்டு. ஆனால் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஊராரின் முன்னால் ஒருவர் நின்றாகவேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறது.

ஸ்ரௌவ்வில் நகரசபையிடம் நாம் நான்கு விடயங்களைக் கோருகிறோம். முதலாவது, மேயர் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைக்குமுன், இலையுதிர் காலத்திலேயே ஆறு வட்டாரங்களிலும் மாலைக் கூட்டம் நடத்தி, எந்தச் செலவு ஏறுகிறது, ஏன் ஏறுகிறது என்று வரிவரியாகச் சொல்லவேண்டும். இரண்டாவது, பலமிக்க மேயர் அதிகாரத்தின் கீழ் எடுக்கும் முடிவுகளை எழுத்தில் வெளியிடுவது ஏற்கெனவே கட்டாயம். அதற்கான காரணத்தையும் சேர்த்து எழுதி, அடுத்த சபைக் கூட்டத்தில் வாசிக்கவேண்டும். மூன்றாவது, மக்கள் சொன்னதில் எதை ஏற்றார்கள், எதை ஏன் விட்டார்கள் என்று ஒவ்வொரு கருத்துக்கேட்புக்குப் பிறகும் பதில் தரவேண்டும். நான்காவது, முக்கிய அறிவித்தல்கள் தமிழிலும் சீனத்திலும் வரவேண்டும். இவை எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. சபை ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

மாகாண அரசிடம் ஒரு கோரிக்கை. பொலிஸ், குப்பை, பெருவீதிகள் என்று வரிப் பணத்தில் பெரிய பங்கைச் செலவிடும் யோர்க் பிராந்தியத்தின் தலைவரை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்ய 2018இல் வழி திறந்தது. வேட்புமனுக் காலம் முடியும் தறுவாயில் ஃபோர்ட் அரசு அதை மூடியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் பிராந்தியத்துக்குத் தலைவராக வருபவர் அந்த மக்களிடம் வாக்குக் கேட்டே வரவேண்டும்.

நகரசபைத் தேர்தல் 2026 ஒக்டோபர் 26ஆம் திகதி. வீட்டுக் கதவைத் தட்டும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், அவர் தமிழராக இருந்தாலும் வேறு எவராக இருந்தாலும், வாசகர்கள் ஒரே கேள்வியைக் கேட்கவேண்டும்: வரவுசெலவுத் திட்டத்தை முடிவுசெய்யுமுன் எங்கள் வட்டாரத்துக்கு வந்து கணக்குக் காட்டுவீர்களா? ‘ஆம்’ என்று எழுதித் தருபவருக்கே வாக்களியுங்கள்.