எண்ணெய் முடிக்குக் காவல், மருந்து அன்று

எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வரும் இளம்பெண்களில் பலர், தம் தலைமுடி தடித்தும் முரடாகவும் இருப்பதை ஒரு நோயைப் போலவே விவரிக்கிறார்கள். மணிமுத்தாறு, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் என எந்த ஊரிலிருந்து வந்தாலும் குறை ஒன்றே: சீப்பு இறங்கவில்லை, முடி பறட்டையாக நிற்கிறது, சிக்கெடுக்கும்போது அறுந்துபோகிறது. உடன் வரும் தாயோ ஆச்சியோ இதற்கு விடையும் வைத்திருக்கிறார்: எண்ணெய் தேய்க்கும் வழக்கத்தை விட்டதால் வந்த வினை என்கிறார். மகளோ அழகு நிலையத்தில் முடியை நேராக்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறாள்.

இவ்விரண்டில் எது சரி என்று கேட்டால், நான் ஆச்சியின் பக்கம் முக்கால் பங்கு சாய்வேன். மீதிக் கால் பங்கில் அவரோடும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அந்தக் கால் பங்கில்தான் நோயாளிகள் பலர் மாதக்கணக்கான காலத்தை இழக்கிறார்கள் என்பதால் அதையும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தடித்த முடி நோயன்று. தலைமுடி இழை ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரோமீட்டர். இந்த அளவின் மேல்முனையை ஒட்டிய முடி தடித்த முடி. அது பெற்றோரிடமிருந்து வருவது. எந்த எண்ணெயும், எந்த ஷாம்பும் இழையின் பருமனை மாற்றாது. முரட்டுத்தன்மை என்பது வேறு. முடியின் மேற்புறத்தில் ஓட்டு வீட்டுக் கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செதில்கள் உள்ளன. அவை படிந்திருந்தால் முடி வழுவழுப்பாக இருக்கும், தூக்கிக்கொண்டால் சொரசொரக்கும். ஆடி மாதத்து மேல்காற்று, கோடை வெயில், ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரும் சோப்பும் சேர்ந்து விடும் படிவு, ஈரத்தலையை வலிந்து சீவுதல் ஆகியவை அச்செதில்களைச் சிதைக்கின்றன. சுருண்ட முடியில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். தலைத்தோலில் சுரக்கும் இயற்கை நெய் வளைவுகளைக் கடந்து நுனிவரை இறங்க முடிவதில்லை.

ஆகவே பருமனை ஏற்றுக்கொண்டு, முரட்டுத்தன்மையை மட்டும் குறைக்க முயல்வதே அறிவுடைமை. அந்த வேலையைத் தாவர எண்ணெய்கள் நன்றாகவே செய்கின்றன.

அவற்றுள் முதலிடம் தேங்காய் எண்ணெய்க்கு. இதை ஊர்ப்பற்றினால் சொல்லவில்லை. 2003இல் ஜர்னல் ஆஃப் காஸ்மெட்டிக் சயன்ஸ் இதழில் ரேலே, மொஹிலே என்னும் இரு இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் பூசி ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. தலை கழுவுமுன் பூசினாலும் கழுவிய பின் பூசினாலும் அந்தப் பயன் இருந்தது. அவ்வாய்வைச் செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு என்பதையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். எனினும் காரணம் வேதியியலுக்குப் பொருந்துகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. ஆதலால் இழைக்குள் நுழைகிறது. முடி நனையும்போது உப்புவதும் காயும்போது சுருங்குவதுமாகத் திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் இழை தளர்ந்துவிடும். உள்ளே சென்ற எண்ணெய் அந்த உப்பலைக் குறைக்கிறது. குளிக்கப் போகுமுன் எண்ணெய் வைத்த நம் முன்னோர் வழக்கத்தின் பொருள் இதுவே.

நல்லெண்ணெய் பெரும்பாலும் இழையின் மேலேயே நின்று வழவழப்பைத் தருகிறது, சிக்கெடுக்க உதவும். விளக்கெண்ணெய் மிகவும் பிசுபிசுப்பானது. தடித்த முடிக்கு அதன் பளபளப்பு பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் நீண்ட முடியில் அதை அள்ளிப் பூசித் தேய்த்துக் குளித்தால் முடி முழுவதும் ஒரே கட்டியாகப் பின்னிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அவ்வாறு நேர்ந்த நிகழ்வு ஒன்று 2017இல் இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் டிரைக்காலஜி இதழில் பதிவாகியிருக்கிறது. ஆகவே விளக்கெண்ணெயைத் தனியாகப் பூச வேண்டாம். ஒரு பங்குக்கு நான்கு பங்கு தேங்காய் எண்ணெய் சேர்த்துச் சில துளிகள் மட்டும் நுனியில் தடவலாம். மரச்செக்கா, ஆலையா என்று பலர் கேட்கிறார்கள். முடிக்குப் பயன்படும் கொழுப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. கலப்படம் இல்லாதது என்பதே முக்கியம். புட்டியின் பின்புறத்தில் 'லிக்விட் பாரஃபின்' என்று இருந்தால் அதில் கலந்திருப்பது கனிம எண்ணெய் என்று அறிக.

இனி அந்தக் கால் பங்கு. எண்ணெய் முடி இழையைக் காக்கும்; முடியை முளைக்கச் செய்யாது. தோலுக்கு வெளியே நாம் காணும் முடி உயிரற்றது. உயிருள்ள வேர் தோலுக்குள் இருக்கிறது. வேரில் வந்த நோயை இழையில் பூசிய எண்ணெய் தீர்க்காது. குழந்தையின் தலையில் செதிலுடன் முடி அறுந்து வட்டமாகத் திட்டு விழுந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு வாய்வழி மருந்து தேவை. எண்ணெய் பூசிப் பூசிக் காத்திருந்தால் வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளுக்கும் பரவும். புழுவெட்டு, தைராய்டு குறைபாடு, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றால் உதிரும் முடியும் அவ்வாறே. டெங்கு, டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொத்தாக உதிர்வதுண்டு. பெரும்பாலோர்க்கு அது தானாகவே மீளும். அப்படி மீண்ட முடிக்கான பெருமையை அந்த நேரத்தில் தலையில் இருந்த எண்ணெய் பெற்றுக்கொள்கிறது!

பொடுகுக்கு எண்ணெய் வைப்பதும் அத்தகைய தவறே. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்னும் பூஞ்சை கொழுப்பை உண்டு வாழ்வது. செதில் உதிர்கிறதே, தலை வறண்டிருக்கிறது என்று எண்ணி எண்ணெய் ஊற்றினால் அதற்கு நாமே விருந்து வைக்கிறோம். பொடுகு உள்ளவர்கள் முதலில் அதைக் குணப்படுத்திக்கொண்டு, எண்ணெயைத் தலைத்தோலில் படாமல் முடியின் நீளத்தில் மட்டும் தடவ வேண்டும். நெற்றியில் சிறு பருக்கள் வரிசையாக வருபவர்களுக்கும் இதையே சொல்வேன்.

"எங்கள் ஆச்சிக்கு எண்பது வயதிலும் முழங்கால் வரை முடி; எல்லாம் எண்ணெய்தான்" என்பார்கள். மதிக்கத்தக்க சாட்சியே. ஆனால் அந்த ஆச்சி 200 டிகிரி சூட்டில் இரும்புத் தகட்டால் முடியை இழுத்ததில்லை, சாயம் பூசியதில்லை, சீயக்காயோ இலுப்பை அரப்போ தேய்த்து, வெயிலில் உலர்த்தி, தளரப் பின்னிக்கொண்டார். அவர் செய்ததோடு செய்யாததையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூலிகை எண்ணெய்களைப் பற்றியும் கேட்கிறார்கள். கரிசலாங்கண்ணி, நெல்லி, செம்பருத்தி முதலியன நம் மரபில் நெடுங்காலமாக உள்ளவை. அவற்றை நான் இகழவில்லை. புது முடி வளர்க்கும் என்பதற்கு மனிதரிடம் செய்த பெரிய ஆய்வுகள் போதவில்லை என்று மட்டுமே சொல்வேன். விருப்பமுள்ளவர்கள் தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். பாளையங்கோட்டையிலேயே 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது. அருவிக்கரையிலும் கைப்பேசித் திரையிலும் விற்கப்படும் பெயரற்ற புட்டிகளை மட்டும் நம்ப வேண்டாம். வழுக்கையைப் போக்கும், புதிய முடியை முளைக்கச் செய்யும் என்று எந்த மருந்தின் பெயரிலும் உரிமை கொண்டாடக் கூடாது என்பது 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில், ஜே அட்டவணையிலேயே உள்ளது.

முடியை நேராக்கும் வேதிப் பூச்சுகளை நான் ஏன் எதிர்க்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவற்றுள் சில ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடுவன. அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள். அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலமும் பாதுகாப்பானதன்று. 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் பிரான்ஸ் மருத்துவர்கள் 26 வயதுப் பெண் ஒருவரின் நிலையை எழுதினார்கள். 2020, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்டார். மூன்று முறையும் அவருடைய சிறுநீரகங்கள் திடீரெனப் பாதிக்கப்பட்டன. அதே பூச்சை எலிகளின் தோலில் தடவியபோது அவற்றின் சிறுநீரகங்களில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் காணப்பட்டன. இத்தகைய சிகிச்சைக்குப் பின் வாந்தி, காய்ச்சல், முதுகுவலி வந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்கு வந்து, செய்துகொண்ட சிகிச்சையையும் மறைக்காமல் சொல்லுங்கள். நோயில்லாத முடியைத் திருத்தப்போய்ச் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பது எவ்வகையிலும் தகாது.

எண்ணெயைப் பயன்படுத்தும் முறை எளிது. வாரம் ஒரு முறையோ இரு முறையோ, தலை குளிப்பதற்கு அரைமணி நேரம் முன்பு, இரண்டு மூன்று தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை முடியின் நடுவிலிருந்து நுனிவரை தடவுங்கள். விரல்களால் சிக்கை நீக்கி, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் படிப்படியாகச் சீவுங்கள். மென்மையான ஷாம்பையோ சீயக்காயையோ கொண்டு கழுவுங்கள். துவட்டிய பின், ஈரம் முழுதும் உலருமுன், நான்கைந்து துளிகளை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் பூசுங்கள். எண்ணெய் பூசிய முடியில் சூடான இரும்பை வைக்காதீர்கள். குளியலை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மணிமுத்தாறு அருவி புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, தாமிரபரணியின் நீரைத் தூத்துக்குடி வரை மக்கள் குடிக்கிறார்கள். எண்ணெய்க் குளியலின்போது குழந்தைகளின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அது நுரையீரலுக்குள் சென்றால் நிமோனியா வரும்.

நோயாளிகளைப் பேணுவோர்க்குச் சில சொற்கள். பல நாள் படுக்கையில் இருப்பவரின் முடி சடைபிடித்தால் உடனே கத்தரியை எடுக்க வேண்டாம். தேங்காய் எண்ணெயைச் சடையில் ஊறவைத்து, நுனியிலிருந்து சிறிது சிறிதாக விரலால் பிரித்தால் பெரும்பாலும் பிரிந்துவிடும். பிறகு இரண்டு தளர்ந்த பின்னல்களாகப் போட்டு வையுங்கள். இ.இ.ஜி. பரிசோதனைக்கு முன் தலையில் எண்ணெய்ப் பசை அறவே இருக்கக் கூடாது; முதல்நாளே ஷாம்பு கொண்டு கழுவிவிடுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பும் அவ்வாறே. தலையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோர் எண்ணெய் பூசுமுன் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஒரு புட்டி தேங்காய் எண்ணெயும் ஓர் அகன்ற பல் சீப்பும் போதிய இடத்தில் ஆயிரக்கணக்கான ரூபாயைச் செலவிடாதீர்கள். திட்டு, செதில், அரிப்பு, சீழ், திடீர் உதிர்வு ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் எண்ணெய்ப் புட்டியை ஓரமாக வைத்துவிட்டு எங்களிடம் வாருங்கள். உங்கள் மகளின் முடி தடிப்பாக இருப்பது மட்டுமே குறை என்றால், அதில் குறையேதும் இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் அவள் நம்புவாள்.