கடலை இழந்த நாட்டின் கடல் சொத்து

கடல் வரலாறு சார்ந்த தனியார் சேகரிப்பு ஒன்று ஹங்கேரியின் சிறிய அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகச் சென்றிருக்கிறது. கடற்கரையே இல்லாத நாட்டில், அதிலும் ஒரு சிறிய இடத்தில் இதற்கு என்ன வேலை, தலைநகர் புடாபெஸ்ட்டிலேயே வைத்திருக்கலாமே என்ற பேச்சு எழக்கூடும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. கொடுத்தவர் சரியான இடத்தில்தான் கொடுத்திருக்கிறார்.

ஹங்கேரிக்குக் கடல் இருந்தது. இன்று குரோஷியாவில் ரியேகா என்ற பெயரில் இருக்கும் ஃபியூமே துறைமுகம் 1779-இல் ஹங்கேரிய மணிமுடியின் கீழ் வந்தது. 1873-இல் ரயில் பாதை அதை எட்டியது. பிழைக்க வழி தேடிய எத்தனையோ கிராமத்துக் குடும்பங்கள் அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறின. டைட்டானிக் விபத்தில் தப்பியவர்களை 1912-இல் கரை சேர்த்த கார்பேத்தியா, நியூயார்க்கிலிருந்து ஃபியூமேக்குப் புறப்பட்ட கப்பல்தான். அதன் மருத்துவர்களில் ஒருவரான ஆர்ப்பாட் லெங்யெல் ஹங்கேரியர். முதல் உலகப் போர் முடிந்து, 1920-இல் ட்ரியானோன் ஒப்பந்தம் கையெழுத்தானபோது கடற்கரை முழுவதும் கைவிட்டுப் போயிற்று. மிச்சம் இருப்பது வீட்டுப் பெட்டிகளில் தங்கிவிட்ட காகிதங்களும் படங்களும்தான்.

அவற்றின் மதிப்பு என்ன என்பதற்கு ஒரு கப்பலை மட்டும் சொல்லலாம். ஃபியூமேயில் கட்டப்பட்ட ‘செண்ட் இஷ்ட்வான்’ போர்க்கப்பலை 1918 ஜூன் 10 அதிகாலையில் இத்தாலிய டார்பிடோ படகு தாக்கியது. பிரேமூடா தீவருகே அது கவிழ்ந்து மூழ்கியதில் 89 பேர் உயிரிழந்தனர். பக்கத்துக் கப்பலிலிருந்து எடுக்கப்பட்ட படச்சுருள் உலகம் முழுவதும் ஓடியது. கவிழும் கப்பலின் அடிப்பகுதியில் மாலுமிகள் ஏறுவது அதில் தெரிகிறது. ஒருவர் முகமும் தெரிவதில்லை. அந்த முகத்தை மீட்டுத் தருவது, கப்பலின் பெயர் பொறித்த முத்திரையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்த ஓர் அஞ்சலட்டை. எழுதியவர் யார், எந்த ஊருக்குப் போயிற்று, எந்தக் குடும்பம் காப்பாற்றி வைத்திருந்தது என்ற விவரம் கூடவே இருந்தால் அது வரலாறு. இல்லாவிட்டால் ஏலத்தில் முத்திரைக்காக விலை பேசப்படும் பழைய அட்டை.

இந்த விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளச் சிறிய அருங்காட்சியகத்தால்தான் முடியும். கொடுத்தவரின் வீட்டுக்குப் போய், பெரியவர்களின் நினைவு மங்குவதற்குள் உட்கார்ந்து கேட்க வேண்டிய வேலை இது. ‘தலைநகரில்தான் பாதுகாப்பு’ என்பவர்கள் புடாபெஸ்ட் போக்குவரத்து அருங்காட்சியகத்தை நினைத்துப் பார்க்கட்டும். 1899-இல் திறக்கப்பட்ட அந்தப் பழம்பெரும் நிறுவனத்தின் நகரப் பூங்காக் கட்டடம் 2015-இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. புதிய இடத்துக்கான திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுபறியில் கிடந்தது. கிடங்கில் பூட்டி வைத்த பொருளைப் பள்ளிப் பிள்ளை எப்படிப் பார்ப்பது?

அதற்காக, கொடுத்தாயிற்று, இனி ஊர் பார்த்துக்கொள்ளும் என்று அரசு ஒதுங்கவும் முடியாது. ஈரமும் வெளிச்சமும் காகிதத்துக்கும் துணிக்கும் எதிரி. டான்யூப் ஆற்றங்கரை ஊர்களில் வெள்ளமும் சேர்ந்துகொள்கிறது. 2013 ஜூனில் புடாபெஸ்ட்டில் ஆற்று நீர்மட்டம் 891 சென்டிமீட்டரைத் தொட்டு, பனிக்கட்டி அடைப்பால் வராத வெள்ளங்களில் இதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. 2024 செப்டம்பரில் மறுபடியும் கரையோர ஊர்கள் மணல் மூட்டை அடுக்க வேண்டியிருந்தது. ஆற்றங்கரை அருங்காட்சியகம் எதுவானாலும் இத்தகைய பொருளைத் தரைத்தளத்தில் வைப்பது தெரிந்தே செய்யும் தவறு. நுழைவுச்சீட்டு வருமானத்தில் மேல்தளக் காப்பறையும் கட்ட முடியாது, பயிற்சி பெற்ற ஒரு காப்பாளருக்குச் சம்பளமும் கொடுக்க முடியாது.

ஆகவே ஹங்கேரிய அரசு காப்பறைக்கும் காப்பாளருக்கும் ஆண்டுதோறும் நிலையான நிதி ஒதுக்க வேண்டும். விழாக் காலத்தில் வந்து நிற்கும் ஒருமுறை மானியம் போதாது. பொருட்களைப் பிரிக்கவோ விற்கவோ கூடாது என்பதை நன்கொடைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பட்டியல் முடிந்ததும் படங்களையும் கடிதங்களையும் மின்வடிவில் ரியேகாவின் கடல்சார் அருங்காட்சியகத்தோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அந்தத் துறைமுகத்தின் கதையில் இரு நாட்டுக்கும் பங்குண்டு. முதல் ஒதுக்கீடு அடுத்த வெள்ளப் பருவத்துக்கு முன்பே அருங்காட்சியகத்தின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.