ராம்பாலாவுக்குத் திறந்த கதவு

கடந்த மாதம் கினிகத்தேனைக்குச் சென்றிருந்தபோது, நான் பயணித்த முச்சக்கர வண்டி நகருக்கு அண்மையில் திக்கித் திணறி நின்றது. அதைத் திருத்த வந்த பையனுக்குப் பதினெட்டு வயதிருக்கலாம். பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் வசிப்பவன். எதையும் கழற்றுவதற்கு முன்னர், இயந்திரத்தை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்டான். அதன் பிறகே கைவைத்தான். நான் பத்திரிகைக்காரன் என்று அறிந்ததும், "சேர், ரயில் எஞ்சின் வேலை பழகுறதுக்கு எங்க எழுதிப் போடணும்?" என்றான்.

பல்லாண்டுகளாகச் செய்தி எழுதிவரும் எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பி. டி. ராம்பாலா என்ற பெயரை இன்றைய தலைமுறையினர் அதிகம் அறிந்திருக்கமாட்டார்கள். ஆனால், யாழ்தேவியை அறியாத ஈழத்தமிழர் உண்டா? 1956 இல் யாழ்தேவியும் உடரட்ட மெனிக்கேயும் ஓடத் தொடங்கியபோது இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தின் பொது முகாமையாளராக இருந்தவர் அவரே. கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் படித்த அவர், 1934 இல் பயிலுனராகத் திணைக்களத்தில் சேர்ந்தார். 1949 இல் பிரதம இயந்திரப் பொறியியலாளரானார். இலங்கையர் ஒருவர் அப்பதவியில் அமர்ந்தது அதுவே முதற்தடவை. 1955 இல் பொது முகாமையாளரானார். நீராவியிலிருந்து டீசலுக்கு மாறிய காலத்தில் திணைக்களத்தை வழிநடத்தியவர் அவரே. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய டீசல் இயந்திரங்கள் 1954 முதல் இங்கு வந்தன. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனேடிய மாகாணங்களின் பெயர்களை அவை தாங்கியிருந்தன. கனடாவில் வாழும் வாசகர்களுக்கு இது வியப்பளிக்கலாம். ஆசியாவின் மிகச் சிறந்த டீசல் பொறியியலாளர் என்று லண்டனிலுள்ள புகையிரத இயந்திரப் பொறியியலாளர் நிறுவனம் ராம்பாலாவை 1956 இல் பாராட்டியது.

லண்டனின் பாராட்டை எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இளைஞனைப் பயிலுனராக உள்ளே அழைத்த அந்த முதல் அங்கீகாரமே. பின்னையது பெருமை, முன்னையது வாய்ப்பு. முன்னையது இல்லாதவிடத்துப் பின்னையது பிறப்பதில்லை.

மலையகத்தின் கதை இங்கேதான் வேறாகிறது. புகையிரதப் பாதை 1874 இல் நாவலப்பிட்டியையும், 1885 இல் நானுஓயாவையும், 1924 இல் பதுளையையும் எட்டியது. 44 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் அந்தப் பாதையை அமைப்பதில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பும் கலந்திருக்கிறது. தோட்டங்களின் விளைபொருளான கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகம் சேர்க்கவே அது அமைந்தது. வட்டவளையிலும் ஹட்டனிலும் ரயிலின் ஊதல் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் எத்தனை தலைமுறையினர்! ஆனால், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. குடியுரிமை இல்லாதவனுக்கு அரச உத்தியோகம் ஏது? ராம்பாலா பிரதம பொறியியலாளரானது அதற்கு மறு ஆண்டில். ஓர் இலங்கையனுக்கு உச்சிக் கதவு திறந்த அதே காலத்தில், பல இலட்சம் பேருக்கு வாசற் கதவே மூடப்பட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனை ராம்பாலாக்களை லயங்களிலேயே இழந்தோம் என்று யார் கணக்கிடுவார்?

இன்று சட்டம் தடுக்கவில்லை, தகவலின்மை தடுக்கிறது. இதில் எங்கள் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு. பரீட்சையில் ஒன்பது ஏ பெற்ற பிள்ளையின் படத்தை முன்பக்கத்தில் போடுகிறோம். அது வேண்டியதே. ஆனால், பட்டறையில் முதலிடம் பெற்ற பயிலுனரின் படத்தை நாம் எப்போதாவது போட்டதுண்டா? கையில் எண்ணெய் படிந்த அறிவை அறிவென்று மதிக்க நம் சமூகம் இன்னும் தயங்குகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தபோது, அந்த அறிவு எவ்வளவு தேவை என்பதை நாடே கண்டது. மலையின் மண்ணையும் மழையையும் பிறந்தது முதல் அறிந்த பிள்ளைகள் அப்பணிக்கு வேண்டாமா?

கினிகத்தேனைத் தம்பிக்கு விடை தேடி அனுப்பியிருக்கிறேன். புகையிரதத் திணைக்களத்தின் ஆட்சேர்ப்பு அறிவித்தல்களை வர்த்தமானியில் பார்க்க வேண்டும். தொழில் பயிலுவதற்குத் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிடமும் விசாரிக்கலாம். இந்த இரண்டு வரிகளைத் தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றின் அறிவித்தல் பலகையிலும் தமிழில் ஒட்ட எவ்வளவு செலவாகும்? மலையக அதிபர்களும் ஆசிரியர்களும் இதைச் செய்தால், சிறந்த பயிலுனரைப் பாராட்டும் நாள் தானாக வரும்.

இயந்திரம் சொல்வதைக் கண்ணை மூடிக் கேட்கத் தெரிந்தவன் அவன். அவன் கேட்டதற்குக் காதுகொடுக்க வேண்டியவர்கள் நாம்.