இடுப்புப் பிடிப்பும் இனிப்புப் பெட்டியும்

இடுப்பு பிடித்துக்கொண்டது என்று தெரிந்தால் போதும், கிடர்பூரில் நம்மவர் வீடுகளில் இரண்டு காரியங்கள் நடக்கும். நோயாளியைப் படுக்க வைப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் ரசகுல்லாவும் சந்தேஷும் கொண்டுவருவார்கள். இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி.

அரிசி மூட்டையை நகர்த்தும்போது எனக்கும் பிடித்தது. விடியற்காலையில் விக்டோரியா மெமோரியல் பக்கம் போய் நடக்கும் வழக்கம் நின்றது. கூடவே சாப்பாட்டுக் கட்டுப்பாடும் போயிற்று. படுத்திருப்பவனுக்குப் பசி இருக்கிறதோ இல்லையோ, வாய் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறது! பத்தே நாளில் இடுப்பைவிட வயிறு பெரிய கவலையாகிவிட்டது.

படுக்கையே மருந்து என்ற நம்பிக்கை 1986-லேயே ஆட்டம் கண்டது. அமெரிக்காவில் சிலரை இரண்டு நாளும் சிலரை ஏழு நாளும் படுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். குணமானதில் வித்தியாசமில்லை, இரண்டு நாள்காரர்கள் வேலைக்கு முன்னதாகத் திரும்பினார்கள். 2024-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், வலி தீர்ந்தபின் படிப்படியாக நடை பழக்கப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு 208 நாள் வரை முடக்கும் வலி திரும்பவில்லை. மற்றவர்களில் அது 112 நாள்தான்.

கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். அது வேறு விஷயம். மற்றபடி முதலில் கூடத்தில் ஐந்து நிமிடம், பிறகு மொட்டை மாடியில் பத்து நிமிடம் என்று நடக்கலாம். நலம் விசாரிக்க வரும் அன்பர்கள் பாருய்பூர் கொய்யா நாலு வாங்கி வாருங்கள். தெருமுனை வரை கூட நடந்து வந்தால் இன்னும் உத்தமம்.