காண்டோ பள்ளியின் இரட்டைக் கூரை

ஃபிரான்சிஸ் கெரே 1965இல் மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோ நாட்டில், காண்டோ என்ற சிற்றூரில் பிறந்தார். ஊர்த் தலைவரின் மூத்த மகன். ஊரில் பள்ளி இல்லை. ஏழு வயதிலேயே படிப்பதற்காக வெளியூர் போனார். அங்கே நூறு பிள்ளைகளுக்கு மேல் ஒரே வகுப்பறையில் வெக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தச்சுத் தொழில் கற்க உதவித்தொகை கிடைத்து 1985இல் பெர்லின் சென்றார். இரவு வகுப்புகளில் பள்ளிப் படிப்பை முடித்து, கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தார். பட்டம் பெற்றது 2004இல். அதற்கு முன்பே, மாணவராக இருந்தபோதே நிதி திரட்டி, காண்டோவில் ஒரு தொடக்கப் பள்ளி கட்டினார். அது 2001இல் முடிந்தது.

அந்தப் பள்ளி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் கெரேயின் வழி புரியும்.

வெறும் தகரக் கூரை போட்டால் உள்ளே அனல் வீசும். மண் சுவர் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஆனால் மழையில் கரையும். கெரே இரண்டையும் சேர்த்தார். மண்ணில் சிறிது சிமெண்ட் கலந்து, அச்சில் இட்டு அழுத்திய கற்களால் சுவர் எழுப்பினார். இவற்றை அழுத்திய மண்கல் என்பார்கள். வகுப்பறையின் மேல்தளமும் அழுத்திய மண்கல்தான். அந்தக் கற்களுக்கு நடுவே இடைவெளி விட்டார். அதற்கும் மேலே, சற்று உயரத்தில், கம்பிச் சட்டத்தின் மீது அகலமான தகரக் கூரை. சூடான காற்று இடைவெளி வழியாக மேலேறி, இரண்டு கூரைகளுக்கும் நடுவே வீசும் காற்றோடு வெளியேறுகிறது. ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. தகரம் சுவரைத் தாண்டி நீண்டிருப்பதால் மழையும் மண்ணைத் தொடுவதில்லை. மின்விசிறிக்கு வேலை இல்லை.

ஊரார் இதை முதலில் ஏற்கவில்லை. மண் வீடு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது என்பது அவர்கள் கண்ட உண்மை. வெளிநாட்டில் படித்தவர் கண்ணாடியும் கான்கிரீட்டும் கொண்டுவருவார் என்று எதிர்பார்த்திருந்தார்கள். வரைபடத்தைக் காட்டினால் தீர்கிற சந்தேகம் அல்ல அது. கெரே மாதிரிகளைக் கட்டி, அவை பாரம் தாங்குவதைக் கண்ணெதிரே காட்டினார்.

கட்டுமானத்தில் ஊரே இறங்கியது. பிள்ளைகள் அஸ்திவாரத்துக்குக் கல் பொறுக்கினார்கள். பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள். இளைஞர்கள் மண்கல் அறுக்கக் கற்றார்கள். கிரேன் கொண்டுவர வழியில்லை. அதனால் கூரையைத் தாங்கும் சட்டத்தை, கான்கிரீட்டில் போடும் சாதாரணக் கம்பியைக் கொண்டே வடிவமைத்தார். கைரம்பமும் சிறிய வெல்டிங் இயந்திரமும் போதும். என்னைப் பொறுத்தவரை, இந்த வடிவமைப்பில் மிக நுட்பமான முடிவு இதுதான். ஊரில் இருக்கும் கைகளால் எதைச் செய்ய முடியும் என்பதே கூரையின் வடிவத்தைத் தீர்மானித்தது.

இந்தப் பள்ளி 2004இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு 2022இல் கெரேவுக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்.

இந்த வழி எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஊரார் நம்பும் ஒருவர் வேண்டும், பொறுமையாகக் கற்றுக்கொடுக்க நேரமும் வேண்டும். காண்டோவுக்கு இரண்டும் வாய்த்தன. பள்ளியைத் தொடர்ந்து ஆசிரியர் குடியிருப்பும் கூடுதல் வகுப்பறைகளும் அங்கே எழுந்தன. முதல் பள்ளியில் தொழில் பழகியவர்களுக்கு வேறு கட்டுமானங்களிலும் கூலி வேலை கிடைத்தது.