மெழுகுவர்த்தி பிடித்தது ஒரு குற்றமா?

பதிவு கொஞ்சம் நீளம். முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

ஜூலை 26 அன்னம்மாள் திருநாளை ஒட்டி, புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன்ஸ் தேவாலயத்தில் வருசா வருசம் திருவிழா நடக்கும். நாடு முழுக்க இருந்து ஜனங்க வருவாங்க. தமிழிலும் பூசை உண்டு. இரவில் மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலமாக நடப்பார்கள்.

இந்த வருசம் நம் தாமான் குடும்பம் ஒன்று அதில் நடந்த படம், நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கணவர் பரம்பரை கத்தோலிக்கர். மனைவி நம் கோயிலில் தேவாரம் படித்து வளர்ந்த பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வழிக்குப் போனவர்.

படத்துக்குக் கீழே வந்த வார்த்தைகளை இங்கே திருப்பி எழுத மாட்டோம். தொண்டூழியர்களான எங்களில் சிலரும் எழுதினோம். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். அதுவும் தப்புதான்.

அந்தப் பெண்ணின் அம்மா வெள்ளி தவறாமல் அம்மனுக்குப் பூ கட்டுகிறவர். அதற்குப் பிறகு வந்த மூன்று ஆடி வெள்ளியிலும் அவரைக் காணோம். சாமி கும்பிட வருகிறவரை நாமே வாசலில் தடுத்த மாதிரி ஆகிவிட்டது.

தைப்பூசத்துக்குப் பினாங்கில் ரதம் வரும்போது சீனர்கள் ரோட்டோரம் தேங்காயைக் குவித்து உடைக்கிறார்கள். அதைப் படம் பிடித்துப் பெருமையாகப் போடுகிறோம். அதற்காக அவர்களுடைய அம்மாவை யாராவது கேவலமாகப் பேசினால் நாம் ஒத்துக்கொள்வோமா? நம்ம சாமி ரோட்டில் வரலாம், அவங்க சாமி வரக்கூடாதா?

மதமாற்றத்தைப் பற்றிய கவலை எங்களுக்கும் உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் போய், "உங்க சாமி கைவிட்டுட்டார்" என்று பேசுகிறவர்களை நாங்களும் எதிர்க்கிறோம். ஆனால் இந்தக் குடும்பம் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. தங்கள் நம்பிக்கைப்படி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தது, அவ்வளவுதான்.

அந்தப் படத்தில் நாங்கள் முதலில் பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. தாத்தா சக்கர நாற்காலியில். பேரன் தள்ளுகிறான். சின்னவள் கையில் காகிதக் கப்பில் சொருகிய மெழுகுவர்த்தி. மூன்று தலைமுறை சேர்ந்து நடக்கிறது.

நம்ம அம்மன் தேர் அன்னிக்கு என்ன நடக்குது? அப்பா தேர் பின்னால். அம்மா அன்னதான வரிசையில். பிள்ளைங்க காரில் ஏர்கோன் போட்டு போனை நோண்டிக்கிட்டு, "எப்பப்பா முடியும்?"

அந்தப் பெண்ணுக்குத் தேவாரத்தை மனப்பாடம் செய்ய வைத்தோம். பொருள் சொன்னோமா? அவர் கேள்வி கேட்டபோது உட்கார்ந்து பதில் சொன்னோமா? அவர் போனதற்குக் கல்யாணம் மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை. இன்று சமய வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்காவது அதைச் செய்வோம்.

படத்தைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டோம். நேற்று நாங்கள் நாலு பேர் அந்த அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். மகளைப் பற்றி எதுவும் பேசவில்லை. கோயிலுக்கு வருவேன் என்றும் சொல்லவில்லை.

வந்தால் தயவுசெய்து யாரும் ஒன்றும் விசாரிக்காதீர்கள். எப்போதும் போல பூக்கூடையைக் கையில் கொடுங்கள், போதும்.

அடுத்த தேருக்குக் குடும்பத்தோடு வாங்க. தாத்தா பாட்டியையும் கூட்டிக்கிட்டு, தேர் நிலைக்கு வரும் வரை நடங்க. சக்கர நாற்காலியைத் தள்ள ஆள் வேணும்னா நாங்க இருக்கோம்.

ஓம் சக்தி.